தைராய்டு கேன்சரோடு ஹாஷிமோட்டோவும் இருந்தால் கழுத்து நெறிகளை எல்லாம் எடுக்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தங்கைக்கு 34 வயது. தைராய்டின் வலது பக்கம் 1.4 செ.மீ. கட்டி, ஊசி போட்டுப் பார்த்ததில், அதாவது ஊசியால் சில அணுக்களை உறிஞ்சி எடுத்துச் சோதித்ததில், பாப்பிலரி கேன்சர், தைராய்டு கேன்சரில் அதிகமாக வருகிற வகை. தைராய்டைத் தாக்குகிற டிபிஓ ஆண்டிபாடி ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, சில வருடங்களாகவே தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார், அதாவது ஹாஷிமோட்டோ என்கிற தைராய்டு அழற்சி முன்பே உண்டு. ஸ்கேனில் லெவல் 6இல், அதாவது நடுக்கழுத்தில், பல நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்), பெரியது 9 மி.மீ. வலது லெவல் 4இல், அதாவது பக்கவாட்டுக் கழுத்தில், ஒன்று, 7 மி.மீ. ஒரு டாக்டர் தைராய்டு முழுவதையும் எடுத்து, நடுக்கழுத்து நெறிகளை இரண்டு பக்கமும் எடுத்து, வலது பக்கவாட்டுக் கழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் தைராய்டை மட்டும் எடுத்தால் போதும், நெறிகள் அழற்சியால் வந்தவைதான் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே நெறியில் ஊசி போட்டுப் பார்க்காமல் பேசுகிறார்கள். அதுதான் என் முதல் பதில். ஹாஷிமோட்டோ இருக்கிற கழுத்தில் நெறி பெரிதாக இருப்பதை வைத்து மட்டும் கேன்சர் பரவியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது, பரவவில்லை என்றும் சொல்ல முடியாது. குறிப்பாக அந்தப் பக்கவாட்டு அறுவையை, அதாவது லெவல் 4 நெறியைக் காட்டிச் சொல்லப்படும் பெரிய ஆபரேஷனை, ஊசி ஆதாரம் இல்லாமல் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நான் சர்ஜன் இல்லை, நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது பெத்தாலஜிஸ்ட். சர்ஜன் எடுத்து அனுப்பும் தைராய்டும் நெறிகளும் ஃபார்மலினில் ஊறி என் மேஜைக்குத்தான் வருகின்றன. ஆகவே நான் சொல்வதில் ஆபரேஷன் தியேட்டரின் அனுபவம் குறைவாகவும் நுண்ணோக்கியின் அனுபவம் அதிகமாகவும் இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்த நெறிகள் ஏன் வீங்குகின்றன என்று பார்ப்போம். 1912இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் சர்ஜன், தைராய்டு வீங்கிய நான்கு பெண்களின் சுரப்பிகளை அறுத்துப் பார்த்து ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். தைராய்டுக்குள் நிணநீர் அணுக்கள், அதாவது லிம்ஃபோசைட்டுகள், கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. நெறிக்குள் மட்டுமே இருக்க வேண்டிய அமைப்புகள் தைராய்டுக்குள்ளேயே முளைத்திருந்தன. (பாவம், அவர் பெயர் உலகம் முழுக்கப் பரவுவதற்கு முன்பே, சொந்த ஊரில் டாக்டராக இருந்து 1934இல் டைஃபாய்டில் இறந்துபோனார்.) உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்பது 1956இல்தான் லண்டனில் ஆண்டிபாடியைக் கண்டுபிடித்தபோது உறுதியானது. சரி, ஒரு சுரப்பிக்குள் வருடக்கணக்காக இப்படி ஒரு சண்டை நடந்தால், அங்கிருந்து வடியும் நிணநீர் போய்ச் சேர்கிற நெறிகள் சும்மா இருக்குமா? அவையும் வீங்கும். கேன்சரே இல்லாத ஹாஷிமோட்டோ நோயாளிகளின் கழுத்தில் ஸ்கேன் வைத்தாலும் தைராய்டுக்குக் கீழேயும் மூச்சுக்குழாயின் இரு ஓரங்களிலும் நெறிகள் வரிசையாகத் தெரியும். தைராய்டுக்கு மேலே, குரல்வளைக்கு முன்னால் டெல்ஃபியன் நெறி என்று ஒன்று இருக்கிறது, சாதாரணமாகக் கண்ணில் படாத அதுகூட ஹாஷிமோட்டோவில் நன்றாகவே தெரியும்.

லெவல் என்கிற எண்களையும் சொல்லிவிடுகிறேன், ரிப்போர்ட்டில் அவைதான் ஓடும். கழுத்தின் நடுப்பகுதி, மேலே நாக்கடி எலும்பிலிருந்து கீழே நெஞ்செலும்பின் மேல்விளிம்பை ஒட்டி, இரண்டு பக்கமும் கரோட்டிட் ரத்தக்குழாய்கள் வரை, இது லெவல் 6. அதற்குக் கீழே மார்புக்குள் இறங்கினால் லெவல் 7. பக்கவாட்டில் தாடைக்குக் கீழிருந்து காரை எலும்பு வரை 2, 3, 4 என்று இறங்கும், கழுத்தின் பின்பக்கம் 5. தைராய்டு கேன்சர் நெறிக்குப் போனால் பெரும்பாலும் முதலில் லெவல் 6க்கும், பிறகு 3, 4 பக்கமும் போகும். கட்டி தைராய்டின் மேல்முனையில் இருந்தால் நடுவைத் தாண்டி நேராகப் பக்கவாட்டுக்கும் போகலாம். சிக்கல் என்னவென்றால் ஹாஷிமோட்டோ வீங்க வைக்கிற இடமும் இதே லெவல் 6தான். இரண்டு நோய்களும் ஒரே இடத்தில் தடயம் வைத்துவிட்டுப் போகின்றன.

அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லெவல் 6இல் பல நெறிகள்' என்ற வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அது எப்படிப்பட்ட நெறி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நெறிக்குள் பொடிப்பொடியாகக் கால்சியம், நீர் கோத்த வெற்றிடம், தைராய்டு திசு மாதிரியே வெளுப்பாகத் தெரியும் பகுதி, நடுவில் ஓடாமல் ஓரத்தில் தாறுமாறாக ஓடும் ரத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சந்தேகம் வலுவானது. நீள்வட்டமாக இல்லாமல் உருண்டையாக இருப்பது ஓரளவு சந்தேகம். நடுவில் இருக்க வேண்டிய கொழுப்புப் பகுதியை, ஹைலம் என்பார்கள், காணவில்லை என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்லக்கூடாது, ஹாஷிமோட்டோ நெறிகளில் அது அடிக்கடி காணாமல்தான் போகும். உங்கள் தங்கை ரிப்போர்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் அளவு மட்டும்தான் இருக்கிறது. தைராய்டும் கழுத்தும் நிறையப் பார்க்கிற ஒரு ரேடியாலஜிஸ்டிடம் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு நெறியையும் தனித்தனியாக எழுதி, ஒரு கழுத்துப் படத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். சர்ஜனுக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி. இன்னொன்று, தைராய்டு இருக்கும்போது அதன் பின்னால் ஒளிந்திருக்கிற லெவல் 6 நெறிகளை ஸ்கேன் சரியாகப் பார்க்காது. பக்கவாட்டு நெறிகளை நன்றாகவே பார்க்கும். இது பின்னால் உதவும்.

இப்போது ஊசி. 2015இல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதலில், சந்தேகமான நெறி குறுக்களவில் 8 முதல் 10 மி.மீ. இருந்தால் ஊசி போட்டுப் பாருங்கள் என்றுதான் இருக்கிறது. அதற்கும் சின்னதாக இருந்தால், அதன் முடிவு ஆபரேஷனை மாற்றுமா என்பதைப் பொறுத்தது. உங்கள் தங்கை விஷயத்தில் அந்த 7 மி.மீ. நெறிதான் பக்கவாட்டு அறுவையைத் தீர்மானிக்கிறது, ஆகவே அளவு குறைவானாலும் அதில் ஊசி போடுவது நியாயம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடக்கூடியவர் போட வேண்டும்.

ஊசி போடும்போது ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை. ஸ்லைடில் தடவி முடித்ததும் அதே ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி, அந்தத் தண்ணீரில் தைரோகுளோபுலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். தைரோகுளோபுலின் என்பது தைராய்டு அணுக்கள் மட்டுமே செய்கிற புரதம். பக்கவாட்டுக் கழுத்தின் நெறிக்குள் அதற்கு வேலையே இல்லை. பொதுவாக 1 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் நிம்மதி, 10க்கு மேல் போனால் பரவல் என்கிற சந்தேகம் வலுக்கிறது. நடுவில் இருந்தால் ஸ்லைடோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஆண்டிபாடி இருந்தால் ரத்தப் பரிசோதனை ஏமாற்றும், ஆனால் ஊசி அலசிய தண்ணீரை அது பெரும்பாலும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தைராய்டு இன்னும் உடம்பில் இருக்கும்போது லெவல் 6 நெறியில் இந்தச் சோதனை செய்தால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, ஊசி போகிற வழியில் தைராய்டைத் தொட்டாலே அளவு ஏறிவிடும்.

ஸ்லைடில் நாங்கள் படுகிற பாட்டையும் சொல்ல வேண்டும், இது நோயாளிகளுக்கு யாரும் சொல்லாத பகுதி. சாதாரண ஒருவரின் கழுத்தில் ஊசி போட்டு ஸ்லைடு நிறைய லிம்ஃபோசைட்டுகள் வந்தால், அது நெறி, அவ்வளவுதான். ஹாஷிமோட்டோவில் தைராய்டில் ஊசி போட்டாலே அதே காட்சிதான் வரும், சிறிய அணு, பெரிய அணு, அவற்றைத் தின்று செரிக்கிற அணு என எல்லாம் கலந்து. அது போதாதென்று, ஹாஷிமோட்டோ சுரப்பி கரடுமுரடாக வளரும்போது அதிலிருந்து ஒரு முண்டு மெல்லிய நாரால் மட்டும் தொங்கிக்கொண்டு, சில சமயம் தனியாகவே பிரிந்து, தைராய்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். ஸ்கேனில் அது நெறி. ஊசியில் லிம்ஃபோசைட்டுகளும் தைராய்டு அணுக்களும் சேர்ந்து வரும், அலசிய தண்ணீரில் தைரோகுளோபுலின் எகிறும். அவசரப்பட்டால் 'நெறிக்குள் தைராய்டு அணு, ஆகவே பரவல்' என்று எழுதிவிடத் தோன்றும். அந்தத் தைராய்டு அணுக்களின் உட்கருவைப் பார்க்க வேண்டும். பாப்பிலரி கேன்சர் என்றால் உட்கரு பெரிதாகி, வெளிறி, நடுவே மடிப்பு விழுந்திருக்கும், உள்ளே சிறு குமிழ் போன்ற பகுதி தெரியும். ஹாஷிமோட்டோவிலும் உட்கரு கொஞ்சம் வெளிறி ஏமாற்றும் என்பதால், சந்தேகம் வந்தால் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது. எங்கள் துறையில் ஸ்லைடைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

நம் ஊரில் இன்னொரு ஆள் வேறு இருக்கிறது: காசநோய். கழுத்தில் நெறி கட்டினால் டிபியா என்று பார்க்காமல் விடக்கூடாத ஊர் இது. கேன்சர் நோயாளி என்பதால் நெறியும் கேன்சர்தான் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஸ்லைடில் டிபி வருவதும் உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும், இளம்பெண்ணின் கழுத்தில் நீர் கோத்த நெறியை டிபி என்றே மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, கடைசியில் அது தைராய்டிலிருந்து பரவிய பாப்பிலரி என்று தெரிவது. இரண்டுக்கும் பதில் அதே ஊசிதான்.

ஊசியில் லெவல் 4 நெறி கேன்சர் என்று வந்தால் பேச்சே இல்லை, பக்கவாட்டு அறுவை முறையாக நடக்க வேண்டும், அதாவது 2, 3, 4 பகுதிகளையும் தேவைப்பட்டால் 5இன் கீழ்ப்பகுதியையும் ஒரே தொகுப்பாக எடுப்பது. வீங்கிய நெறிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிற பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது அது தவறு, விட்டுப்போனவை திரும்ப வரும், தழும்பேறிய கழுத்தில் இரண்டாவது ஆபரேஷன் செய்வது எல்லோருக்கும் வேதனை. அப்போது நடுக்கழுத்தையும் எடுப்பார்கள், அதுவும் சரி. ஊசியில் ஒன்றும் இல்லை என்று வந்தால் பக்கவாட்டைத் தொடவே கூடாது. பக்கவாட்டு அறுவையை 'எதற்கும் இருக்கட்டும்' என்று செய்வதைப் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. தோளைத் தூக்குகிற நரம்பு அங்கே ஓடுகிறது, இடது பக்கம் என்றால் நிணநீர்க் குழாய் அறுந்து பால் போல வடியும், காது மடல் மரத்துப்போகும்.

நடுக்கழுத்துதான் உண்மையான சர்ச்சை. வெளியில் சந்தேகமே தெரியாத பாப்பிலரி நோயாளிகளில்கூட லெவல் 6ஐ எடுத்துத் துருவிப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவில் கேன்சர் அணுக்கள் நெறியில் இருக்கும். அப்படியானால் எல்லோருக்கும் எடுத்துவிட வேண்டியதுதானே என்று ஜப்பானில் பல மருத்துவமனைகள் நெடுங்காலமாக எடுத்துக்கொண்டும் இருக்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதல் அதை ஏற்கவில்லை. கட்டி பெரிதாக இருந்தாலோ, தைராய்டின் வெளியே பரவியிருந்தாலோ, பக்கவாட்டு நெறியில் கேன்சர் உறுதியானாலோ முன்னெச்சரிக்கையாக எடுப்பதை யோசிக்கலாம். சிறிய, வெளியே பரவாத கட்டிக்கு வேண்டாம். காரணம், அந்த நுண்ணிய பரவல் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தருவதில்லை, அதை எடுத்ததால் உயிர் பிழைப்பு கூடியது என்று காட்ட முடியவில்லை. எடுப்பதற்கு மட்டும் ஒரு விலை இருக்கிறது.

அந்த விலையின் பெயர் பாராதைராய்டு. தைராய்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, பொதுவாக நான்கு, ஒவ்வொன்றும் ஒரு பெரிய உளுந்து அளவு, பழுப்பு மஞ்சள் நிறம். உடம்பின் கால்சியம் மொத்தமும் இவற்றின் கையில். மேல் ஜோடி ஓரளவு இருந்த இடத்தில் இருக்கும், கீழ் ஜோடி லெவல் 6 கொழுப்புக்குள்ளேயே, நெறிகளோடு நெறியாகப் புதைந்து கிடக்கும். ஹாஷிமோட்டோவில் தைராய்டு ரப்பர் மாதிரி இறுகி, சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டி, தொட்டால் ரத்தம் கசிகிற நிலையில் இருக்கும். சுற்றிலும் சதைப்பிடிப்பான, பழுப்பு நிற நெறிகள். இதில் எது நெறி எது பாராதைராய்டு என்று தேர்ந்த சர்ஜனுக்கே தடுமாறும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 'லெவல் 6 நெறிகள்' என்று சீட்டு ஒட்டி வருகிற பாட்டிலில், நெறிகளுக்கு நடுவில் முழுசாக ஒரு பாராதைராய்டை நுண்ணோக்கியில் பார்க்கிற ஆள் நான்தான். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஒரு பாராதைராய்டு சுரப்பி காணப்படுகிறது' என்று எழுதுவேன், நோயாளிகள் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு, கை இழுத்துக்கொள்வது, இதெல்லாம் ஏன் வருகிறது என்பதற்கு அந்த வரியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சில வாரங்களில் இது சரியாகிவிட்டால் பரவாயில்லை, பலருக்கும் சரியாகிவிடும். 6 மாதத்துக்கு மேல் நீடித்தால் பெரும்பாலும் நிரந்தரம், வாழ்நாள் முழுக்கக் கால்சியம், கால்சிட்ரியால் (வைட்டமின் டி வகை) மாத்திரை. 34 வயதுப் பெண்ணுக்கு, அவர் இனி ஒரு குழந்தை பெற்றுக்கொள்வதாக இருந்தால் இன்னும், இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு பக்கமும் எடுப்பதைவிடக் கட்டி இருக்கிற பக்கம் மட்டும் எடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது. தெரியாமல் கழன்று வந்த பாராதைராய்டைத் தியேட்டரிலேயே கண்டுபிடித்து, ஓரத்தில் ஒரு துணுக்கை எங்களுக்கு அனுப்பி, அது பாராதைராய்டுதான் என்று உறுதியானதும் மீதியைப் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் புதைப்பார்கள். பல சமயம் அது பிடித்துக்கொண்டு வேலை செய்யும். சர்ஜனிடம் இதைச் செய்வீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். குரல் நரம்பும் அதே பகுதியில்தான் ஓடுகிறது, அதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள் என்பதால் நான் நீட்டவில்லை.

ஆக, லெவல் 6க்கு என் கருத்து இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் இருக்கிறது. வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன் போல இது கண்மறைவான இடம் இல்லை, தைராய்டை எடுக்கும்போது லெவல் 6 சர்ஜனின் கண் முன்னால் திறந்தே கிடக்கும். ஸ்கேன் சரியாகப் பார்க்காத இடத்தை அவர் கண்ணாலும் விரலாலும் பார்க்கலாம். அழற்சியால் வீங்கிய நெறி மெத்தென்று, வழுவழுப்பாக இருக்கும். கேன்சர் நெறி கெட்டியாக, சில சமயம் உள்ளே ரத்தம் கோத்துக் கறுநீலமாக இருக்கும். வலது பக்கத்தில் சந்தேகமான ஒன்றிரண்டை எடுத்து உறைவெட்டுச் சோதனைக்கு, அதாவது ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு, அனுப்பினால் அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடுவோம். கேன்சர் இருந்தால் அந்தப் பக்கத்து லெவல் 6ஐ முறையாக எடுக்கலாம், இல்லையென்றால் மூடிவிடலாம். நுண்ணிய பரவல் சிலவற்றை உறைவெட்டு தவறவிடும் என்பது உண்மை, ஆனால் தவறிப்போகிற அளவுக்குச் சின்னது பெரும்பாலும் கவலைப்படுகிற அளவும் இல்லை.

ஹாஷிமோட்டோ இருந்தால் கேன்சர் மெதுவாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன் என எழுதியிருந்தீர்கள். 1955இலேயே இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியாகிவிட்டது, அது எந்த வகைத் தொடர்பு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. பாப்பிலரி கேன்சரோடு ஹாஷிமோட்டோவும் இருப்பவர்களுக்கு நெறிப் பரவல் குறைவு, தைராய்டுக்கு வெளியே பரவுவது குறைவு, திரும்ப வருவதும் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. பிராஃப் என்கிற மரபணு மாற்றமும் இவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. எதிர்ப்பு அணுக்கள் கேன்சரையும் சேர்த்தே தாக்குகின்றன என்பது ஒரு விளக்கம். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஹாஷிமோட்டோ நோயாளிகள் ஏற்கெனவே டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பவர்கள், அடிக்கடி ஸ்கேன் எடுப்பவர்கள், கேன்சர் சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படுகிறது, அதனாலும் முடிவுகள் நன்றாகத் தெரியலாம். இதை வைத்து ஆபரேஷனைக் குறைப்பதோ கூட்டுவதோ சரியில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு கூத்தும் உண்டு. லெவல் 6 கொழுப்பு மேஜைக்கு வந்ததும் அதை விரல்களுக்கு இடையில் நசுக்கி நசுக்கி நெறிகளைத் தேடுவோம், ஒவ்வொன்றையும் எண்ணி, நடுவே வெட்டி, கேசட் என்கிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் போடுவோம். சாதாரண நோயாளியிடம் ஐந்தாறு கிடைக்கும் இடத்தில் ஹாஷிமோட்டோவில் பத்து, பதினைந்து என்று வரும், சர்ஜன் அதிகம் எடுத்ததால் இல்லை, எல்லாமே வீங்கிக் கைக்கு அகப்படுவதால். ஆகவே ரிப்போர்ட்டில் '15இல் 2' என்று வந்தால் அதை '3இல் 2' என்று வந்தவரோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுவதற்கோ வருத்தப்படுவதற்கோ முன் யோசியுங்கள். விகிதத்தில் கீழே இருக்கிற எண்ணை ஏற்றிவிட்டது அழற்சி. அதே சமயம் '15இல் 0' என்று வந்தால், அது '2இல் 0' என்பதைவிட நம்பத் தகுந்த பூஜ்யம்.

மொத்த எண்ணிக்கையைவிட, கேன்சர் இருக்கிற நெறிகள் எத்தனை, அதில் பெரிய திட்டு எத்தனை மி.மீ., நெறியின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா, இவைதான் முக்கியம். 5 நெறிகளுக்குள், எல்லாம் 2 மி.மீ.க்கும் குறைவு என்றால் அந்த 2015 அமெரிக்க வழிகாட்டுதலில் அது குறைந்த ஆபத்துக் குழுவிலேயே இருக்கலாம். 3 செ.மீ.க்கு மேல் ஒன்று இருந்தால் உயர் ஆபத்து. இன்னொன்று, 2018 முதல் நடைமுறையில் இருக்கிற கேன்சர் நிலைக் கணக்கின் (ஸ்டேஜ்) எட்டாம் பதிப்பில், 55 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு நெறியில் எத்தனை இருந்தாலும், தூர உறுப்புகளுக்குப் போகாதவரை, அது முதல் நிலைதான். உங்கள் தங்கைக்கு நெறியில் வந்தாலும் 'ஸ்டேஜ் 3 ஆகிவிட்டதா' என்று பதறத் தேவையில்லை.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். பாப்பிலரியிலேயே பரவலாக இறுகும் வகை ஒன்று உண்டு, டிஃப்யூஸ் ஸ்கிளிரோசிங் என்பார்கள். இளம் பெண்களுக்கு வரும், தனிக் கட்டியாக இல்லாமல் தைராய்டு முழுக்கப் பரவி இறுகும், ஆண்டிபாடியும் ஏறும், ஸ்கேனில் ஹாஷிமோட்டோ மாதிரியே தெரியும், உற்றுப் பார்த்தால் சுரப்பி முழுக்கப் பொடிப்பொடியாகக் கால்சியம் தூவினது போலிருக்கும். இது நெறிகளுக்குத் தாராளமாகப் பரவும், இதில் நெறி அறுவையில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. 'ஹாஷிமோட்டோ நெறிதான்' என்று சமாதானம் சொல்கிற டாக்டர் இதை விலக்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாள்பட்ட ஹாஷிமோட்டோ உள்ள வயதானவருக்குக் கழுத்து சில வாரங்களில் மளமளவென்று வீங்கினால் லிம்ஃபோமாவை, அதாவது நிணநீர் அணுக்களின் கேன்சரை, நினைக்க வேண்டும், அதற்குக் கத்தி மருந்தே இல்லை, தடித்த ஊசியில் திசு எடுத்துப் பார்த்துவிட்டு ரத்த நோய்ப் பிரிவான ஹெமட்டாலஜி பக்கம் போக வேண்டும். தங்கை வயதில் இது மிக அபூர்வம்.

ஆபரேஷனுக்குப் பிறகு தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் கேன்சர் திரும்புகிறதா என்று கண்காணிப்பார்கள். ஹாஷிமோட்டோ நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு தைரோகுளோபுலின் ஆண்டிபாடி இருக்கும், அது இருந்தால் பரிசோதனை உண்மையைவிடக் குறைத்தே காட்டும். 'தைரோகுளோபுலின் 0.1, சூப்பர்' என்று ஆண்டிபாடி பார்க்காமல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டையும் ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள். தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டால் ஆண்டிபாடிக்குத் தீனி இல்லை, இரண்டு மூன்று வருடங்களில் படிப்படியாக இறங்கும், அந்த இறக்கமே நல்ல செய்தி. இறங்கிக்கொண்டிருந்தது திரும்ப ஏற ஆரம்பித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை கழுத்து ஸ்கேனில் சின்ன நெறிகள் தெரிந்துகொண்டேதான் இருக்கும், 8 மி.மீ.க்குக் கீழ், சந்தேக அடையாளம் இல்லாதவற்றை ஒவ்வொரு முறையும் குத்திப் பார்க்க வேண்டாம்.

1.4 செ.மீ. கட்டிக்கு, நெறியில் ஒன்றும் இல்லையென்றால், தைராய்டில் பாதியை மட்டும் எடுப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். அவர் ஏற்கெனவே முழு மாத்திரையில் இருப்பதாலும் கண்காணிப்பு எளிதாகும் என்பதாலும் பலர் முழுசாக எடுக்கச் சொல்வார்கள். இதில் பிடிவாதம் பிடிக்க எனக்குக் காரணம் இல்லை.

கடைசியாக, ஊசி போட்ட ஸ்லைடுகளை எந்த லேபில் போட்டீர்களோ அங்கிருந்து கேட்டு வாங்கி ஆபரேஷன் செய்யப் போகிற இடத்தின் பெத்தாலஜிஸ்டிடம் கொடுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் கழித்து எடுத்த திசுவைப் பதித்து வைக்கிற மெழுகுக் கட்டிகள், அதாவது பிளாக்குகள், எந்தப் பெயரில், எந்த எண்ணில் இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், திரும்பக் கொடுத்துவிட வேண்டும். தைராக்ஸினையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக்கூடாது, இடையில் 4 மணி நேரம் விடச் சொல்லுங்கள். ஊசி முடிவு வந்ததும் அதில் இருக்கிற வாசகத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.